“அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார், டீச்சர்?”

கேள்வி: நான் ராயபுரத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள். பதினான்கு, பதினைந்து வயது. “கடவுள் இருப்பதை நம்பிக்கையால் மட்டுமன்றி அறிவாலும் நிரூபிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே உலகத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அவர்தான் கடவுள்” என்று சொல்லிக்கொடுத்தேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, “அப்படியானால் கடவுளுக்குக் காரணம் யார், டீச்சர்?” என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். “கோயிலுக்குள் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது” என்று உட்கார வைத்துவிட்டேன். மூன்று வாரமாக அவன் வகுப்புக்கு வருகிறான், வாயைத் திறப்பதில்லை. அப்படி ஒரு நிரூபணம் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லையென்றால் நான் பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டேனா?

– மறைக்கல்வி ஆசிரியை, ராயபுரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பெரியவர்கள் பாடுபட்டு அமைத்த ஒரு வாதத்தை ஒரே வரியில் சுருக்கியபோது, அதைத் தாங்கி நிற்கும் சொல் விழுந்துவிட்டது. அந்தப் பையன் கை வைத்தது சரியாக அந்த இடத்தில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தர்க்கத்தை ஆராயும் அளவையியலும் மெய்யியலும் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாடம் தொடங்கியவுடன் அந்த இடத்தைத் தொடும் மாணவர் வகுப்புக்கு ஒருவர் கிடைத்தால் அது ஆசிரியரின் பாக்கியம். நான் கற்பிக்க வந்த முதல் ஆண்டில் இதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து இதே கேள்வி வந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லி அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டேன். அன்று மாலையே மூலநூலை எடுத்துப் பார்த்தபோது, நான் எழுதிய வாக்கியம் அதில் எங்குமே இல்லை என்பது தெரிந்தது. அந்த வெட்கம் இன்றும் நினைவில் இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

உங்கள் திருச்சபை பெரிதும் மதிக்கும் தாமஸ் அக்குவினாஸ், பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தம் பெருநூலில், கடவுள் இருப்பதைக் காட்ட ஐந்து வழிகளைச் சொல்கிறார். அவற்றில் ஒன்றிலாவது “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்பது எடுகூற்றாக, அதாவது வாதம் தொடங்கும் அடிப்படைக் கூற்றாக, வரவில்லை. மாறுகின்ற பொருள் எதுவும் வேறொன்றால் மாற்றப்படுகிறது என்கிறார். எந்தப் பொருளும் தனக்குத் தானே காரணமாக இருக்க முடியாது என்கிறார். இருக்கவும் இல்லாமற்போகவும் கூடிய பொருள்கள் தம் இருப்பை வேறிடத்திலிருந்து பெறுகின்றன என்கிறார். “எல்லாம்” என்ற சொல்லுக்கும் “மாறுகின்றவை எல்லாம்” என்ற சொற்றொடருக்கும் உள்ள இடைவெளியில்தான் முழு வாதமும் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்று தொடங்கினால், காரணமற்ற ஒன்றில் போய் முடிக்கும்போது தொடக்கத்தை நாமே மறுத்தவர்களாகிறோம். பையன் சிரிப்புக்கிடையே சொன்னது அதுதான். தம் இருப்பை வேறொன்றிடம் கடன் வாங்கியவற்றைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கினால், கடன் வாங்காத ஒன்று இருக்கிறதா என்று கேட்பதற்கு இடம் இருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நல்ல உதாரணம் உங்கள் பங்குத் திருவிழாவிலேயே கிடைக்கும். பீடத்தருகே ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து இன்னொன்றைப் பற்ற வைக்கிறோம், அதிலிருந்து அடுத்தது. முதல் மெழுகுவர்த்தி அணைந்தாலும் பத்தாவது எரிந்துகொண்டுதான் இருக்கும். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிப் போகும் வரிசை இத்தகையது. இந்த வரிசைக்கு ஒரு முதல் உறுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று அக்குவினாஸ் வாதிடவே இல்லை. உலகம் ஒரு நாள் தொடங்கியது என்பதை நம்பிக்கையால் ஏற்கிறோம், தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்று வெளிப்படையாகவே எழுதினார். அதே இடத்தில் அவர் விடுக்கும் ஓர் எச்சரிக்கையை மறைக்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்: விசுவாசத்துக்குரியதை வலுவற்ற காரணங்களால் நிரூபிக்கப் புகுந்தால், இவற்றை வைத்துக்கொண்டுதான் இவர்கள் நம்புகிறார்கள் என்று நம்பாதவர்கள் சிரிப்பதற்கு நாமே இடங்கொடுத்துவிடுவோம். உங்கள் வகுப்பில் கேட்ட சிரிப்பை எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் எதிர்பார்த்திருந்தார் என்றே சொல்லலாம்.

இனித் தேர்பவனியன்று கோபுரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிடும் சீரியல் செட்டைப் பாருங்கள். ஒவ்வொரு பல்புக்கும் மின்சாரம் முந்திய பல்பின் வழியாகவே வருகிறது. ஜெனரேட்டர் நின்றால், அந்த நொடியே கடைசிப் பல்பு வரை இருண்டுவிடும். செட்டை எவ்வளவு நீளமாக்கினாலும், ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வரை இழுத்துக்கொண்டு போனாலும், முடிவே இல்லாத நீளமாக்கினாலுங்கூட, பல்புகளின் எண்ணிக்கையால் வெளிச்சம் வந்துவிடாது. அக்குவினாஸின் வாதம் இந்த இரண்டாவது வகை வரிசையைப் பற்றியது. ஒருகாலத்தில் யார் தொடங்கி வைத்தார் என்ற கேள்வி அதில் இல்லை. இந்த நொடியில், தாமாக இருக்க வல்லமையற்ற இத்தனை பொருள்களும் எதைக் கொண்டு இருக்கின்றன என்பதே கேள்வி. இந்த வேறுபாடு புரிந்த பிறகு “கடவுளுக்குக் காரணம் யார்?” என்று கேட்பது, மின்சாரத்தைத் தானே உண்டாக்குவதைப் பார்த்து “இதற்கு முந்திய பல்பு எது?” என்று கேட்பது போலாகும். (ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டாமா என்று அந்தப் பையன் நிச்சயம் கேட்பான். கேட்டால் மகிழுங்கள், உதாரணம் எந்த இடத்தில் முடிகிறது என்பதைக் கண்டுகொண்டான் என்று பொருள்.)

ஆகவே பையனின் கேள்வி உங்கள் சுருக்கத்தை உடைத்தது. மூல வாதத்தை உடைக்கவில்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். மூல வாதத்திலும் இரண்டு இடங்களில் தர்க்கம் நம்மைக் கைப்பிடித்து அக்கரை சேர்ப்பதில்லை.

முதல் இடம்: கடன் வாங்காத அந்த ஒன்று ஏன் இந்தப் பிரபஞ்சமாகவே இருக்கக் கூடாது? 1948 ஜனவரியில் பி.பி.சி. வானொலியில் ஆங்கில மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைக் குருவான கோப்பிள்ஸ்டனும் இதையே விவாதித்தார்கள். உலகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கலாம், ஆனால் உலகம் முழுமைக்கும் சேர்த்துக் காரணம் கேட்பதில் பொருளில்லை, அது இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸ்ஸல். பகுதிகள் எல்லாம் கடனில் நிற்கும்போது முழுமை மட்டும் எப்படிச் சொந்தக்காலில் நிற்கும் என்று கோப்பிள்ஸ்டன் கேட்டார். இருவரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். இருவரில் ஒருவரும் தர்க்கப் பிழை செய்ததாக நான் கருதவில்லை. உலகத்துக்கு விளக்கம் தேவையா என்ற முதல் படியிலேயே அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அந்தப் படிக்கு அடியில் தர்க்கம் வேறொரு படியைப் போட்டுத் தர முடியாது. என் மனம் கோப்பிள்ஸ்டன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அது சாய்வுதான், நிரூபணம் என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது இடம் இன்னும் பெரியது. கடன் வாங்காத ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒன்றுதானா, அறிவுடையதா, காசிமேட்டில் ஒரு தாய் செய்யும் செபத்தைக் கேட்கக்கூடியதா? இதை நம் நாட்டவர்கள் ஆழமாக விவாதித்திருக்கிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் நூலார், குறிப்பாக உதயணர், சொன்ன வாதம் எளியது. குடம் செய்யப்பட்ட பொருள், அதற்குக் குயவன் உண்டு. உலகமும் செய்யப்பட்ட பொருள், அதற்கும் ஒரு கர்த்தா உண்டு. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவது போன்ற அனுமானம் இது. உதயணருக்கும் முன்னரே பௌத்த அறிஞர் தருமகீர்த்தி இத்தகைய வாதத்துக்கு விடை சொல்லியிருந்தார்: மண்ணால் ஆன வடிவம் என்பதற்காகவே குயவன் உண்டென்றால், புற்றையும் குயவன்தான் வனைந்தான் என்று சொல்ல நேரும். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன். அங்கே மூலவர் புற்று வடிவானவர் என்பது மரபு. ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் நீக்கிக் காணலாம். சிறுவயதில் அந்த வரிசையில் நின்றவன் பிற்காலத்தில் தருமகீர்த்தியின் புற்றைப் படித்தபோது என் நம்பிக்கையின் நடுவிலேயே ஒருவர் கை வைத்தது போலிருந்தது. புற்றைக் கும்பிடுகிறவனுக்கும், புற்றைக் காட்டிக் கர்த்தாவை மறுக்கிறவருக்கும் கண்முன்னே இருப்பது ஒரே மண்தான்.

இதைவிட வியப்புக்குரியவர் இராமானுசர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த அவர் பக்திக்கே உருவானவர்; அவர்தான் பிரம்ம சூத்திர உரையில், அனுமானத்தால் இறைவனை நிரூபிக்க முடியாது, சாத்திரம் ஒன்றே வழி என்று விரிவாக வாதிட்டார். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன சான்று? பெரிய மாளிகைகளைப் பலர் சேர்ந்து கட்டுவதைத்தானே பார்க்கிறோம்? குயவனுக்கு உடம்பு உண்டு, குறைகள் உண்டு. உவமையைப் பிடித்துக்கொண்டே போனால் உடம்பும் குறையும் உள்ள ஒரு கர்த்தாவிடம்தானே போய்ச் சேர்வோம்? ஐரோப்பாவில் மெய்யியலாளர் டேவிட் ஹ்யூமின் உரையாடல் நூல் இதே வினாக்களுடன் 1779-இல் வெளிவந்தது. ஹ்யூம் ஐயவாதியாக நின்று கேட்டதை, இராமானுசர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே பக்தராக நின்று கேட்டார். ஆகவே நிரூபணத்தை மறுப்பவர் எல்லாம் நாத்திகர் என்று உங்கள் வகுப்பில் யாரும் எண்ணிவிட வேண்டாம். எதிர்ப்பக்கமும் எங்கள் மரபில் உண்டு: மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களில் முதலாவதையே ஓர் அனுமானமாக அமைத்திருக்கிறது. தோன்றி, நின்று, ஒடுங்குவதாகிய இவ்வுலகம், தன்னைத் தோற்றுவிக்க ஒருவனை உடையது என்று அங்கிருந்துதான் சைவ சித்தாந்தம் தொடங்குகிறது.

நீங்கள் வகுப்பில் குறிப்பிட்ட கடிகார உதாரணத்தைக் கடிதத்தின் பின்குறிப்பில் கண்டேன். அதை விட்டுவிடுங்கள். கீழே கிடக்கும் கடிகாரத்தைக் கண்டால் அதைச் செய்தவர் ஒருவர் உண்டென்று அறிவது போல, உயிர்களின் அமைப்பைக் கண்டு படைத்தவரை அறியலாம் என்பது அந்த வாதம். ஆங்கிலேயப் பாதிரியார் வில்லியம் பேலி 1802-இல் அதை எழுதியபோது வலுவாகத்தான் இருந்தது. காசிமேட்டுக் கரையில் ஒரு வலை கிடந்தால், அதன் முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு கையின் வேலை என்று அறிகிறோம். வலைக்குப் பக்கத்தில் கிடக்கும் சங்கின் சுழிகளையும் அப்படியே ஒரு கையின் வேலை என்று பேலி கொள்வார். ஆனால் சங்கு முட்டையிலிருந்து வருகிறது, வளர்கிறது, தலைமுறை தலைமுறையாகச் சிறுசிறு மாறுதல்களைச் சேர்த்துக்கொள்கிறது. வலை குட்டி போடுவதில்லை. 1859-இல் டார்வின் எழுதிய பிறகு, உயிர்களின் அமைப்பை மட்டும் சான்றாக வைத்து நடத்தும் வாதம் தளர்ந்துவிட்டது. உயிரியல் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைச் சொன்னால், ஒரு நாள் அறிவியல் பாடமும் மறைக்கல்விப் பாடமும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று அவர்கள் நினைக்க நேரும்.

இன்னொரு வகை நிரூபணம் உலகத்தைப் பார்ப்பதே இல்லை. கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை வருவிக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற கிறிஸ்தவத் துறவி தொடங்கிய இதை அக்குவினாஸே ஏற்கவில்லை. இருப்பு என்பது ஒரு பொருளின் பண்புகளில் ஒன்றன்று என்று சொல்லி ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் 1781-இல் மறுத்தார். ஆனால் இதன் பிற்கால வரலாற்றில் உங்கள் கேள்விக்கு நேராகப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த தர்க்க அறிஞர் என்று மதிக்கப்படும் குர்ட் கோடெல், 1970 அளவில் இந்த வாதத்தைக் கணிதக் குறியீடுகளில் எழுதிவைத்தார். அது அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1987-இல்தான் அச்சேறியது. 2013-இல் இரண்டு ஆய்வாளர்கள் அதன் திருத்திய வடிவத்தைக் கணினியிடம் கொடுத்துச் சரிபார்த்தார்கள். எடுகூற்றுகளிலிருந்து முடிவு பிழையின்றி வருகிறது என்றது கணினி. கோடெல் முதலில் எழுதிய வடிவத்தில் எடுகூற்றுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதையும் பின்னர் அதே முறையில் கண்டார்கள். கடவுளைக் கணினி நிரூபித்துவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. கணினி நிரூபித்தது, “இவற்றை நீ ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்” என்பதை மட்டுமே. அந்த “இவற்றை” ஒப்புக்கொள்வதா என்பதை எந்த இயந்திரமும் நமக்காக முடிவு செய்து தராது. அளவையியல் என்ற துறை முழுவதும் செய்யக்கூடியது இவ்வளவுதான். இவ்வளவையும் அது மிக நன்றாகச் செய்கிறது.

“அப்படியானால் எங்கள் திருச்சபை போதிப்பது?” என்று கேட்பீர்கள். உலக ஆயர்கள் கூடிய பேரவையான முதலாம் வத்திக்கான் சங்கம் 1870 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட ஆவணத்தில், படைக்கப்பட்டவற்றிலிருந்து மனித அறிவின் இயல்பான ஒளியால் கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று அறிவித்தது உண்மை. ஆனால் இன்ன வாதத்தால் என்று சங்கம் எதையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அறிய முடியும் என்பதற்கும், வகுப்பில் சொல்லப்படும் ஒரு வாதம் கேட்கிறவர் ஒவ்வொருவரையும் ஒப்புக்கொள்ளச் செய்துவிடும் என்பதற்கும் மிகுந்த தூரம் உண்டு. இந்த வேறுபாட்டை உங்கள் பங்குத்தந்தையுடன் பேசித் தெளிந்துகொள்ளுங்கள். நான் வெளியிலிருந்து படித்தவன். அவர் உள்ளிருந்து விளக்கக்கூடியவர்.

என் சொந்த முடிவைக் கேட்டால், கணிதத் தேற்றத்தைப் போல மறுக்கிறவர் வாயை அடைக்கும் நிரூபணம் கடவுளுக்கு இல்லை. கடவுள் இல்லை என்பதற்கும் இல்லை. ஆனால் கடவுளை ஏற்பது அறிவை அடகு வைப்பது என்ற பேச்சு தவறு என்பதைக் காட்டும் அளவுக்கு இந்த வாதங்களுக்கு வலு உண்டு. சீரியல் செட் வாதம் என்னை நாற்பது ஆண்டுகளாக விடவில்லை. நானும் அதை விடவில்லை.

இன்னொன்றுக்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அக்குவினாஸ் ஐந்து வழிகளைச் சொல்லும் முன் எதிர்த்தரப்பின் இரண்டு வாதங்களை எழுதிவைக்கிறார். இரண்டாவது, இயற்கையே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பது. முதலாவது, அளவற்ற நன்மை ஒன்று இருக்குமானால் தீமைக்கு இடமேது என்பது. உங்கள் பிள்ளைகள் கடலோரத்துப் பிள்ளைகள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடல் என்ன செய்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். 1755 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் பெருவிழாத் திருப்பலி நேரத்தில், நிலநடுக்கமும் அதன் பின் கடலும் லிஸ்பன் நகரை அழித்தபோது ஐரோப்பிய அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் இதே கேள்வியோடு மல்லாடினார்கள். இந்தக் கேள்வி உங்கள் வகுப்பில் வந்தால் தயவுசெய்து சீரியல் செட்டை எடுக்காதீர்கள். உலகைத் தாங்கும் ஒன்று இருக்கிறது என்று காட்டும் வாதம், தாங்குகிறவர் ஏன் அன்று தடுக்கவில்லை என்பதற்கு விடையாகாது. தர்க்கத்தில் முரண்பாடு இல்லை என்று மெய்யியலார் காட்டலாம். நானே வகுப்பில் காட்டியிருக்கிறேன். ஆனால் அன்று உடன்பிறந்தவரைப் பறிகொடுத்த ஒரு வீட்டுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய் வந்ததில்லை. அவன் பேசி முடிக்கும் வரை கேளுங்கள். தனக்கு ஏன் இத்துன்பம் என்று கடவுளிடம் கேட்ட யோபுவின் நூலை விவிலியத்திலிருந்து அவனோடு சேர்ந்து படியுங்கள். அந்நூலிலும் யோபு கேட்ட காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதை மறைக்காமல் படியுங்கள்.

இனி, வரும் ஞாயிறு. பிள்ளைகள் முன்னிலையில் அவனை உட்கார வைத்தீர்கள், ஆகவே பிள்ளைகள் முன்னிலையிலேயே, “நீ கேட்டது சரியான கேள்வி, நான் வாக்கியத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன்” என்று சொல்லுங்கள். தனியே அழைத்துச் சொன்னால் போதாது. பிறகு “எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு” என்று பலகையில் எழுதி, எந்தச் சொல் பிழை என்று அவனையே கேளுங்கள். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவான். திருவிழாவுக்குப் போட்ட சீரியல் செட் பங்கு அறையில் சுருட்டி வைத்திருந்தால் எடுத்து வந்து மேசைமேல் விரியுங்கள். ஒரு மெழுகுவர்த்திக் கட்டும் கொண்டுவாருங்கள். இரண்டு வரிசைக்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகளே சொல்லட்டும். டீசல் கேள்வி வந்ததா, வேறு கேள்வி வந்ததா என்பதை எனக்கு எழுதுங்கள். என்னால் விடை சொல்ல முடியாததாக இருந்தாலும், அதை அவன் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள்.